ஜீப்பைத் தாழ்த்திய பாடங்கள்

"நீ மொதல்ல எறங்கு. நீ குந்தினு இருந்தா வண்டி மலை ஏறாது" என்று ஜீப் ஓட்டும் அன்புச்செல்வன் கத்த, "நான் இன்னா மூட்டையாண்ணா, எறக்கிவெச்சிட்டுப் போறதுக்கு?" என்று செந்தமிழ்ச்செல்வி அதற்கு மேல் கத்தினாள். அவள் கொத்தவரங்காய் மாதிரி இருப்பாள். ஆனால் அவள் உட்கார்ந்த பக்கம் மட்டும் மரவள்ளி மூட்டை ஏற்றியது போல ஜீப் தாழ்ந்துபோய் நின்றது. காரணம் வெள்ளிமலையில் எல்லோருக்கும் தெரியும்: தானாகப் படித்ததெல்லாம் அவள் உடம்பில் எடையாக ஏறிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் ஒடுங்கியிருந்த தேவதர்ஷினிக்குத்தான் அது புதுச் செய்தி.

தேவதர்ஷினி கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியின் தற்காலிக விரிவுரையாளர். ஆன்லைன் பாடங்களை மாணவர்கள் தாமாகக் கற்கும் திறனை அளப்பதுதான் அவள் முனைவர் பட்ட ஆராய்ச்சி. தை பிறப்பதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இருப்பதும் போய்விடும். 'என் படிப்பை நானே திட்டமிடுகிறேன்' என்கிற மாதிரி கேள்விகள் போட்டிருந்தாள். கல்லூரியின் ஆன்லைன் பாடங்களைப் படிக்கும் வெள்ளிமலைப் பிள்ளைகள் அத்தனை பேரும் 'எப்போதும்' என்று டிக் அடித்திருந்தார்கள். செந்தமிழ்ச்செல்வி ஒருத்திதான் எல்லாவற்றுக்கும் 'அரிதாக' போட்டவள். அந்தச் சோம்பேறியை நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் தேவதர்ஷினி ஜீப் ஏறியதே.

மேலே போய் விசாரித்ததில் வண்டவாளம் தெரிந்தது. சிக்னல் கிடைப்பது ஊருக்கு மேலே ஒரு பாறையில்தான். அவ்வளவு தூரம் யார் ஏறுவது? எல்லோரும் போனை ஒரே பையில் போட்டு செந்தமிழ்ச்செல்வியிடம் கொடுத்துவிடுவார்கள். அவள் பாறையில் வரிசையாக அடுக்கி எல்லோருடைய வீடியோவையும் ஓடவிடுவாள். வருகைப்பதிவு அவர்களுக்கு. கணக்கு, வரலாறு, மண்ணியல் எல்லாம் ஏறியது இவளுக்கு. பிறகு ஏன் 'அரிதாக' என்று போட்டாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னது: "நானா எங்க மிஸ் படிச்சேன்? அது பாட்டுக்கு ஓடிக்கினு இருந்துச்சி. புரியாதத மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன்."

சந்தேகம் தீர, தேவதர்ஷினி அடிவாரத்து ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளி நிறுக்கும் மேடையில் பிள்ளைகளை ஏற்றிப் பார்த்தாள். 'எப்போதும்' போட்டவர்கள் அவரவர் சாப்பாட்டுக்குத் தகுந்த எடைதான் இருந்தார்கள். செந்தமிழ்ச்செல்வி ஏறியதும் ஆலைக்காரர், லாரி வந்துவிட்டதோ என்று வெளியே எட்டிப் பார்த்தார். கல்லூரிக்குப் போய் இதைச் சொன்னபோது அவளுடைய ஆய்வு நெறியாளர் அரங்கநாதன் ஒன்றும் அசரவில்லை. "அந்தப் பொண்ணு ஒருத்திய எடுத்துடும்மா. மிச்சமெல்லாம் அழகா ஒத்துப்போவுது. பொங்கலுக்கு நீ டாக்டர்" என்றார். தேவதர்ஷினியும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள், சும்மா சொல்லக்கூடாது. வழியில் என்ன தோன்றியதோ, யாரும் பார்க்காத நேரமாக அதே மேடையில் ஏறி நின்றாள். உடம்பு எடை மட்டும் காட்டியது. இத்தனை வருஷப் படிப்பும், அரங்கநாதன் சொல்லச் சொல்ல எழுதிய இருநூறு பக்கமும் ஒரு வெங்காய எடைகூட இல்லை.

தன் கேள்விகள் எதையும் அளக்கவில்லை என்றே ஆய்வேட்டில் எழுதிக் கொடுத்தாள். தை பிறந்தது, வேலை போனது. பைத்தியம் என்று கல்லூரியில் பேசிக்கொண்டார்கள். அவள் வெள்ளிமலையில் அறை எடுத்துத் தங்கி, பாறையில் செந்தமிழ்ச்செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் படிக்கச் சொல்லாத பாடங்களைப் படித்தாள். சித்திரைக்குள் அவள் நடந்த ஈரமண்ணில் தடம் ஆழமாக விழ ஆரம்பித்தது. பட்டம் பிற்பாடு வேறொரு பல்கலைக்கழகத்தில் வந்தது, மெதுவாக.

செந்தமிழ்ச்செல்வி பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள், தரைத்தளத்தில்தான் குடியிருக்கிறாள். தேவதர்ஷினியைச் சின்னசேலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தபோதே எடை விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் நேரே தங்கள் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் தொங்கிய ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, கல்லில் ஒரு பெஞ்சு கட்டிவைத்தார்கள்.