துட்டிக்குப் போன பிளசர் கார்

கொழும்பிலிருந்து கப்பலிலும் ரயிலிலுமாக வந்து மதுரையில் இறங்கியவர்களுக்காக டிரைவர் மசூதின் பிளசர் கார் ஸ்டேஷன் வாசலில் காத்து நின்றது. தென்காசிக்காரனான மசூதைக் கடுதாசி போட்டு வரவழைத்தது வல்லிநாயகம். ஊரும் சுற்றிப் பார்க்க வேண்டும், சொந்தபந்தங்களையும் பார்க்க வேண்டும், ஒரே ஓட்டமாக இரண்டையும் முடித்துவிட்டுக் கப்பலேற வேண்டும் என்பது அவன் கணக்கு. கொழும்பில் சோற்றுக்கடை வைத்திருக்கிறவன், கல்யாணம் ஆகாதவன், வெயிலே இல்லாத நேரத்திலும் கறுப்புக் கண்ணாடி போடுகிறவன். தென்காசியில் தாய்மாமன் மகளை அவனுக்குப் பார்த்துப் பேசி முடிப்பதும் அந்தப் பயணத்தில் ஒரு காரியம்.

கூட வந்தது அவன் அக்காள் முருகம்மாள், அவளுடைய இரண்டு பிள்ளைகள், அவள் புருஷன் மந்திரமூர்த்தி. முருகம்மாளும் பிள்ளைகளும் பிறந்தது கொழும்பில். ரோட்டோரத்தில் மாடு நின்றால்கூட இது இந்தியா மாடு என்று பிள்ளைகள் கைநீட்டிச் சிரித்தன. மந்திரமூர்த்திக்கு மட்டும்தான் இது திரும்பி வருகிற ஊர். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இலஞ்சியில் பிறந்து, மீசை முளைக்கும் வயசில் அக்கரைக்குப் போய், துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கித் தோள் ஒரு பக்கம் இறங்கிப்போனவன்.

இலஞ்சியில் அவனுக்கு இருந்தது ஒரே அண்ணன், அய்யாக்குட்டி. அய்யா செத்த பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கினவன். அண்ணனைக் கட்டி உலகம்மாள் அந்த வீட்டுக்கு வந்தபோது மந்திரமூர்த்தி பாயில் மூத்திரம் போகிற பயல். அவன் தலையில் பேன் பார்த்து, எண்ணெய் வைத்து, எய்யா மந்திரம் என்று கூப்பிட்டு வளர்த்தது அந்த மதினிதான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இவன்தான் பிள்ளை.

அந்த அண்ணன் போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் செத்துப்போனான். கொழும்புக்குத் தந்தி வந்தது. தந்தியை இன்னொருத்தனை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மந்திரமூர்த்தி அன்றைக்கும் மூட்டை தூக்கப் போனான். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டு, கப்பல் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் சாம்பல் ஆறியிருக்கும் என்று நினைத்தான். அது பொய்யான நினைப்பு இல்லை. ஆனாலும் பதில் தந்தி ஒன்று அடித்திருக்கலாம். வரவில்லை என்று எப்படி அடிப்பது? அந்தக் கூச்சத்திலேயே ஒரு நாள் போனது, இன்னொரு நாளும் போனது, பிறகு அடித்தும் பிரயோசனமில்லை என்று ஆனது.

இப்போது துட்டி கேட்கப் போக வேண்டும். எத்தனை வருஷம் கழித்து வந்தாலும், செத்த வீட்டை முதலில் மிதிக்கும்போது துட்டி கேட்டுத்தான் ஆக வேண்டும். பொம்பிளைகள் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஆம்பிளை தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும். கேட்டால் சொல்லுவார்கள். சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்டு முடித்து, வேறெந்த வீட்டுக்குள்ளும் நுழையாமல், தலை முழுகிவிட்டுத்தான் மற்ற காரியம்.

தென்காசியில் பெண் பார்த்தது நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலமே வெற்றிலை மாற்றிவிடலாம் என்று மாமா சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அக்காள் புருஷன் என்ற முறையில் தட்டை ஏந்த வேண்டியவன் மந்திரமூர்த்தி. நடுவில் ஒரு பகல் கிடந்தது. ஆனி மாசம், சீசன் நேரம். மலை முழுக்க மஞ்சு இறங்கி, நீர் பாதி காற்று பாதியாகச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

மேலகரம் தாண்டிப் பாதை பிரிகிற இடத்தில் மசூது காரை ஓரங்கட்டினான்.

"அண்ணாச்சி, இலஞ்சிக்குப் போயி துட்டியக் கேட்டுட்டு, அப்படியே அருவியில போயி முழுகிருவோம். முழுகின கையோட தென்காசிக்கு வந்து தட்டையும் மாத்திரலாம். ஒரே குளிப்புல எல்லாம் முடிஞ்சிரும்லா."

எவ்வளவு சுளுவான ரோசனை. வல்லிநாயகமே சரி என்று தலையாட்டினான். முருகம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைகள் மட்டும் அருவி, அருவி என்று குதித்தன.

"மொதல்ல அருவிக்கு விடும் வே," என்றான் மந்திரமூர்த்தி. "பிள்ளைக ஆசையா இருக்கு."

பிள்ளைகள் மேல் பழியைப் போட்டதை மசூது கண்டுகொண்டானோ என்னவோ, வண்டியைத் திருப்பினான்.

பேரருவியில் தண்ணீர் பாறையை மறைத்து விழுந்துகொண்டிருந்தது. மந்திரமூர்த்தி ஓர் ஆளைப் பிடித்து உடம்பு முழுக்க எண்ணெய் தேய்க்கச் சொல்லிப் பாறையில் குப்புறப் படுத்தான். இறங்கிப்போன தோளை அந்த ஆள் முழங்கையால் அமுக்கியபோது சுகத்தில் கண் சொருகியது. முருகம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பொம்பிளைகள் பக்கம் குளிக்கப் போனாள். பிறகு அவன் அருவிக்குள் போய் நின்றான். தலையில் தண்ணீர் இடி இடியாக விழ, மனசில் இருந்தது அத்தனையும் கழன்று போய்விட்டது. மகனைத் தூக்கித் தண்ணீருக்குள் காட்டினான். மகன் வீறிட்டுச் சிரித்தான். தானும் சிரித்தான். அந்த வேளையில் அவனுக்கு அண்ணன் இல்லை, மதினி இல்லை, கொழும்பு இல்லை. ஈரத்தோடு வெளியே வந்து மங்குஸ்தான் பழத்தை உடைத்துத் தின்னும்போது, இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்தான். யோசித்த உடனேதான் இலஞ்சி ஞாபகத்துக்கு வந்தது. கையில் இருந்த மிச்சப் பழத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டான்.

காரில் ஏறியதும் முருகம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்தான். வாசலில் மதினியைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும். அழுகை வராவிட்டாலும் தோளில் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கப்பலைவிட்டு இறங்கி நேரே வருகிறோம் என்ற மாதிரி இருக்க வேண்டும். தலையை நல்லா தொவட்டு என்று இரண்டு தடவை சொன்னான். அவளும் துவட்டிப் பார்த்தாள். சாரல் அடிக்கிற காற்றில் பொம்பிளைத் தலைமுடி எங்கே காயும்?

கார் சத்தம் கேட்டே உலகம்மாள் வெளியே வந்துவிட்டாள். ஆள் பாதியாக இருந்தாள். வெறுங்கழுத்து, வெறுங்கை. மந்திரமூர்த்தியைப் பார்த்ததும் அவள் உதடு கோணியது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். முருகம்மாள் சொன்ன சொல் தப்பாமல் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். என்னைப் பெத்த அய்யா என்று உலகம்மாளின் குரல் எழும்பியது. அவள் கை முருகம்மாளின் முதுகில் கிடந்த கூந்தலைத் தடவிக்கொண்டு இறங்கியது.

அங்கேயே குரல் நின்றது.

உலகம்மாள் கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள். ஈரமும் எண்ணெயும் மினுங்கின. நிமிர்ந்து மந்திரமூர்த்தியின் தலையைப் பார்த்தாள். அவள் பேன் பார்த்த தலை, சப்பென்று படிந்து, காதோரம் எண்ணெய் வழிந்திருந்தது. காருக்குள் ஈரத் துணிகள் கிடந்தன. பிள்ளைகள் கையில் பழம். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க," என்றாள். "எல்லாரும் உள்ள வாங்க."

அந்தப் பக்கத்தில் துட்டி வீட்டுக்கு வருகிறவரை வாங்க என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது விருந்தாளியைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை. தோள்துண்டைக் கையில் எடுத்த மந்திரமூர்த்தி அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

உள்ளே பாயை விரித்தாள். பக்கத்து வீட்டில் பால் வாங்கி வந்து, கருப்பட்டி போடாமல் சீனி போட்டே காப்பி கலந்தாள். அச்சு முறுக்குக்கு ஆளனுப்பினாள். துட்டி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் ஊற்றக்கூடாது. இங்கே டம்ளர் டம்ளராக உபசரணை நடந்தது. பிள்ளைகளிடம் என்ன படிக்கிறீர்கள் என்று விசாரித்தாள். மாமாவுக்குப் பெண் பார்த்த கதையைப் பிள்ளைகள் சொன்னதும், வல்லிநாயகத்திடம் பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். அவன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெட்கப்பட்டான்.

"அருவியில தண்ணி நல்லா விழுதா?" என்று அடுத்தபடியாகக் கேட்டாள்.

"அதெல்லாம் கொள்ளாம விழுது அக்கா. மச்சான் வெளிய வரவே மாட்டேன்னுட்டாரு," என்றான் வல்லிநாயகம்.

"விழட்டும். இந்த வருசம் நல்ல சீசன்." மந்திரமூர்த்தி பக்கம் திரும்பினாள். "காப்பி ஆறுது, குடிங்க தம்பி."

தம்பி. குடிங்க. அவன் குடித்தான். எப்படி நடந்தது என்று கேட்க மூன்று தரம் வாயெடுத்தான். ஒவ்வொரு தரமும் அவள் முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தாள். புறப்படும்போது பிள்ளைகள் தலையைத் தடவி, போயிட்டு வாங்க என்று வாசல் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பினாள்.

கார் நகர்ந்ததும், எவ்வளவு நல்ல மனுசி, ஒரு சொல் குறையாகப் பேசவில்லையே, இதற்குப் போய் இத்தனை பயந்தீர்களே என்று முருகம்மாள் ஆறுதலாகச் சொன்னாள். குமாரர் கோயில் பக்கம் வந்ததும் மந்திரமூர்த்தி காரை நிறுத்தச் சொல்லி இறங்கினான். கோயிலைப் பார்த்துக்கொண்டிருங்கள், இந்தா வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தான்.

உலகம்மாள் புறவாசலில் குத்தவைத்து, சாம்பலும் தேங்காய் நாருமாக அவர்கள் குடித்த டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவன் வந்ததைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. மாடு இல்லாத தொழுவத்தை ஒட்டி வெறுந்தரையில் உட்கார்ந்தான். துண்டை மடியில் போட்டுக்கொண்டான். அவள் ஒரு டம்ளரைத் தேய்த்துக் கவிழ்த்தி, அடுத்ததை எடுத்தாள்.

"அண்ணனுக்கு என்ன செஞ்சுது மதினி?"

அவள் டம்ளரின் அடியை நாரால் அழுத்தித் தேய்த்தாள்.

"காய்ச்சல்னு படுத்தாவ," என்றாள், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "கசாயம் வச்சுக் குடுத்தேன். கொஞ்சம் தெளிச்சியாத்தான் இருந்தாவ. வெள்ளென எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாவ. இந்தா, இந்தத் தொட்டிகிட்டதான். உக்காந்தமேனிக்கு இருந்தாவ. நான் கூப்பிட்டா திரும்பல."

அவன் தொட்டியைப் பார்த்தான்.

"தந்தி குடுத்தோம். ஒன் பதிலு வரட்டும்னு அன்னைக்கு எடுக்கல. ராத்திரி பூரா மழை. மக்யாநாளு ஊர்ல உள்ளவுக எல்லாம் எடுங்க எடுங்கன்னு நிக்காவ. வாடை வர ஆரம்பிச்சிட்டு. நான்தான் விடல. வரலைன்னா வரலைன்னு ஒரு வரி அடிச்சிருப்பான், பதிலு இல்லைன்னா அவன் கெளம்பிட்டான்னு அர்த்தம், எம்பிள்ளைய எனக்குத் தெரியாதான்னு சண்டை போட்டேன்."

டம்ளரைக் கழுவி ஊற்றினாள்.

"பொழுது சாயப் போகுதுன்னு அவுகளே தூக்கிட்டாவ. மேலத் தெரு தில்லைநாயகம்தான் கொள்ளி வச்சாரு. யாரோ எவரோ. எம்மேல ஊருக்கு இன்னைக்கும் கோவம்தான். பொணத்தப் போட்டு நாற வச்சவளாம்."

அவன் துண்டை வாயில் அழுத்திக்கொண்டான். சத்தம் வராமல் உடம்பு குலுங்கியது. அவள் எழுந்து வரவில்லை, தொடவில்லை, அழாதே என்று சொல்லவில்லை. கவிழ்த்திய டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கூடைக்குள் அடுக்கினாள். அதன்பிறகு, அவன் பக்கம் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள். கோயில் பக்கமிருந்து காரின் ஹாரன் கேட்டது. இரண்டு பேருமே அதைக் காதில் வாங்கவில்லை.

அழுது ஓய்ந்து அவள் உள்ளே போன பிறகு, அவன் போகிறேன் என்று சொல்லாமல் எழுந்து நடந்தான்.

வல்லிநாயகம் கோயில் வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமா வீட்டில் ஆட்கள் கூடியிருப்பார்கள், சீக்கிரம் ஏறுங்கள் மச்சான் என்றான். முருகம்மாள் புருஷன் கண்ணைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து கை நீட்டினாள்.

"தொடாத," என்றான் அவன். "துட்டி வீட்டுலேர்ந்து வாரேன்."

"எல்லாரும்தான போயிட்டு வந்தோம்?"

"நம்ம போனது விருந்துக்கு."

அவளுக்கு விளங்க நேரமானது. விளங்கியதும் தன் ஈரக் கூந்தலைக் கையால் பற்றிக்கொண்டாள். வல்லிநாயகத்துக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. பிடிபட்டது ஒன்றுதான்: துட்டி தலையோடு தட்டைத் தொட முடியாது. அருவிக்குத் திருப்பு மசூது, ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போகலாம் என்றான். மசூதும் சாவியைத் திருகினான்.

மந்திரமூர்த்தி வேண்டாம் என்று தலையசைத்தான். தட்டை மாமாவின் மூத்த மருமகனிடம் கொடுத்து ஏந்தச் சொல்லுங்கள் என்றான். அந்த முறை எனக்கு வேண்டாம் என்று சொன்னானா, அந்த முறைக்கு நான் ஆகமாட்டேன் என்று சொன்னானா, வல்லிநாயகம் கோபத்தில் சரியாகக் கேட்கவில்லை. என் நல்ல காரியத்தில் இப்படியா என்று கத்தினான். அது நியாயமான கோபம்தான் என்று மந்திரமூர்த்திக்கே பட்டது. முருகம்மாள்தான் தம்பியை அடக்கி, நாம் போவோம், அவர் நாளைக்கு முழுகிவிட்டு வரட்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கார் தென்காசிப் பக்கம் திரும்பி மறைந்தது. மலையிலிருந்து காற்று இறங்கி வந்து, பொடிப் பொடியாகச் சாரல் விழ ஆரம்பித்தது. ரோட்டில் போனவர்கள் சீசன் ஆட்கள், முகத்தை அண்ணாந்து காட்டிக்கொண்டு சிரித்தபடி போனார்கள். மந்திரமூர்த்தி ஓடிப்போய், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் ஓலைத் தாழ்வாரத்துக்குள் ஒண்டினான். மேலே ஒழுகியது. துண்டை நான்காக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு சொட்டும் தலையில் பட்டுவிடாதபடி சுவரோடு ஒட்டி நின்றான்.