ரஞ்சிதத்தின் கால் பட்டவர்கள்

"அம்மா, பெரியவங்க மட்டும் ஏன் விழவே மாட்டேங்கிறாங்க?"

பூவிழி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. சைக்கிளிலிருந்து விழுந்த முழங்காலில் ரஞ்சிதம் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். மலையூரான திரிங்காப்பில் பூத்தோட்ட வேலை பார்ப்பவள் அவள். மகள் கேட்டதை யோசித்துப் பார்த்தபோது, தான் விழக்கூடிய எதையும் செய்தே பல வருடங்கள் ஆகிவிட்டன என்பதுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் மளிகைக் கடைக் கதவில் ஓர் அறிவிப்பைப் பார்த்தாள். "பெண்கள் ரோலர் டெர்பி அணி. சறுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விழச் சொல்லித் தருவோம்." அந்தக் கடைசி வரிதான் அவளை ஞாயிற்றுக்கிழமை பொது மண்டபத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

சொல்லித் தந்தவர் ஷர்மினி டீச்சர். கிள்ளானிலிருந்து மாற்றலாகி வந்தவர். விளையாட்டை அவர் எளிதாகவே விளக்கினார். சக்கரக் காலணி அணிந்து முட்டை வடிவத் தடத்தில் சுற்ற வேண்டும். இரண்டு அணியிலும் ஒருத்திக்குத் தலைக்கவசத்தில் நட்சத்திரம் இருக்கும். அவள் எதிரணியினரை முந்தினால் புள்ளி. மற்றவர்கள் தோளாலும் இடுப்பாலும் இடித்து எதிரணியின் நட்சத்திரத்தைத் தடுக்க வேண்டும்.

"இடிக்கலாமா டீச்சர்? அடிச்சா போலீசு வராதா?" என்று கேட்டாள் காளியம்மா. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்தவள். கொழுந்து வெட்டும் இயந்திரத்தைத் தூக்கித் தூக்கி உரமேறிய தோள்கள்.

"இடுப்பால இடிச்சா வராது அக்கா."

"அப்போ என் வீட்டுக்காரர முதல்ல கூட்டிட்டு வரணும்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். ரஞ்சிதமும் சிரித்தாள். முழங்கால் கவசம் தரையில் படும்படி விழவும், விரல்களை மடக்கிக்கொண்டு எழவும் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். தோட்டத்தில் பூ கட்டும் நேரத்தில்கூட, போன வாரம் விழுந்ததை நினைத்துத் தனியாகப் புன்னகைத்தாள். ஈப்போ அணியுடன் நட்பு ஆட்டம் ஒன்று இருப்பதாக டீச்சர் சொன்னதும், அதில் ஓர் இடம் வேண்டும் என்று முருகனிடம் கேட்டாள். தனக்கென்று அவள் ஒன்றைக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

அவள் வழியில் நின்றது ஒரே ஒரு பழக்கம். யார் மேலாவது கால் பட்டுவிட்டால், அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நாமெல்லாம் செய்வதுதான். ஆனால் அவள் உடம்பில் அது மூச்சைப் போல ஊறியிருந்தது. எதிரே நிற்பவருக்குள்ளும் கடவுள் இருக்கிறார் என்று சின்ன வயதில் கேட்டதைத் தலை மறந்தாலும் கை மறக்கவில்லை.

சக்கரங்கள் உரசாமல் இந்த விளையாட்டு இல்லை. ஒவ்வொரு உரசலுக்கும் ரஞ்சிதம் தடத்தின் நடுவே நின்றாள், குனிந்தாள், தொட்டாள். கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகையில் மணிக்கட்டுக் கவசம் மூக்கில் இடித்தது. அதற்குள் பின்னால் வந்தவர்கள் அவள்மேல் மோதி, மூட்டை சரிவதுபோல ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். விழுந்தவர்கள்மேல் மறுபடி கால் பட்டது. மறுபடி தொட ஆரம்பித்தாள்.

"ஆலாமாக், ஐயோ! மன்னிப்பு கேக்குறேன்னு எங்கள கொல்லப் பாக்கிறியேடி!" என்று அடியிலிருந்து கத்தினாள் காளியம்மா.

டீச்சர் கைகளைக் கட்டிக்கொண்டு சறுக்கச் சொல்லிப் பார்த்தார். மனதுக்குள் மட்டும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். எதுவும் உதவவில்லை. கடைசிப் பயிற்சிக்கு முந்தின வாரம் அவளைத் தனியாக அழைத்தார்.

"ரஞ்சிதம் அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க நடுவுல நின்னா யாருக்காவது கை உடைஞ்சிரும். அடுத்த வாரமும் நின்னீங்கன்னா, ஈப்போவுக்கு வரலாம், ஆனா வெளியதான் உக்காரணும்."

டீச்சர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் ரஞ்சிதத்தை அழவைத்தது. காலணியைக் கழற்றும் சாக்கில் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

காளியம்மா பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்னடி, மூக்கு உறிஞ்சுற?"

"நிக்கக் கூடாதுன்னு தெரியுதுக்கா. ஆனா தொடாம போனா நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது. அவங்கள மிதிச்சுட்டுப் போற மாதிரி இருக்கு."

காளியம்மா கேலி செய்யவில்லை. தன் காலணியின் கயிற்றை மெதுவாக அவிழ்த்தபடி யோசித்தாள்.

"சரி, இப்படிச் செய்வோம். நான் உன் பக்கத்துலயே ஓடுறேன். உன் கால் யார் மேல பட்டாலும் நான் பாத்து வச்சுக்கிறேன். முடிஞ்சதும் உனக்குப் பதிலா நான் போய்த் தொட்டுக் கும்பிட்டுக்கிறேன். நீ நிக்காம போ."

"நீங்க ஏன்க்கா எனக்காக?"

"எனக்கும் கும்பிட்டா புண்ணியம்தானே? ஒனக்கு மட்டும் மொத்தமா வேணுமா?"

கடைசிப் பயிற்சியில் ரஞ்சிதத்தின் கை இரண்டு முறை பாதி வழி கீழே போனது. "என் பொறுப்பு! போ!" என்ற குரல் பக்கத்திலிருந்து வந்தது. கை திரும்பி மேலே வந்தது. அவள் நிற்கவில்லை. டீச்சர் அவளிடம் அணிச் சட்டையைக் கொடுத்தார்.

ஈப்போவில் தோற்றார்கள். நன்றாகவே தோற்றார்கள். ஆட்டம் தொடங்குமுன் காளியம்மா எல்லாத் தலைக்கவசத்திலும் பூசிய திருநீறு வேர்வையில் கரைந்து, பாதிப் பேர் வெள்ளை மூக்கோடு ஓடினார்கள். ஆனால் முடியும் தறுவாயில் ஒன்று நடந்தது. எதிரணியின் நட்சத்திரப் பெண் வேகமாக வர, தடுக்கப் போன காளியம்மா சறுக்கி ரஞ்சிதத்தின் முன்னாலேயே விழுந்தாள். விலக நேரமில்லை. ரஞ்சிதத்தின் சக்கரம் காளியம்மாவின் கணுக்காலில் இடித்துத் தாண்டியது. ரஞ்சிதத்தின் உடம்பு முழுவதும் குனியத் தயாரானது.

"நிக்காதடி! போ!"

ரஞ்சிதம் போனாள். இடுப்பைத் திருப்பி இடித்தாள். நட்சத்திரப் பெண் கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். ரஞ்சிதம் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தாள். ஆட்டம் பார்க்க வந்திருந்த பூவிழி நாற்காலிமேல் ஏறிக் கத்திய கத்தலில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

ஆட்டம் முடிந்ததும் காளியம்மா சொன்னபடியே புறப்பட்டாள். நொண்டி நொண்டி ஒவ்வொருவராகப் போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நட்சத்திரப் பெண் சீனப் பெண். பதறிப்போய், தான் ஏதாவது தவறு செய்துவிட்டோமா என்று மலாயில் கேட்டாள். டீச்சர் விளக்கியதும், அவளும் காளியம்மாவைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மணிக்கட்டுக் கவசம் அவள் மூக்கிலும் இடித்தது.

"பாரு, ஒருத்தரையும் விடல" என்று ரஞ்சிதத்திடம் பெருமையாகச் சொன்னாள் காளியம்மா.

மாலையில் வேன் மலையேறியது. வளைவுகளில் பனி இறங்கியிருந்தது. பாட்டுப் பாடிக் களைத்து எல்லோரும் தூங்கிப்போனார்கள். முன்னால் டீச்சர் மடியில் பூவிழி, பின்வரிசையில் வாயைத் திறந்தபடி காளியம்மா. ஓட்டுநரின் கண்கள் சாலையில் இருந்தன.

காளியம்மாவின் கணுக்கால் வீங்கியிருந்தது. அதில் சக்கரம் பட்ட இடம் கன்றிச் சிவந்திருந்தது. எல்லோரிடமும் போய் வந்தவள் தன்னிடம் தானே போக முடியாதே.

ரஞ்சிதம் இருக்கையிலிருந்து மெல்ல இறங்கிக் குனிந்தாள். வலிக்காதபடி விரல் நுனியால் அந்தக் காலைத் தொட்டாள். இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு தன் சால்வையை எடுத்து அந்தக் கால்மேல் போர்த்திவிட்டு, சத்தமில்லாமல் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.