பக்கத்து இருக்கைக்கு அறுபத்திரண்டு கிலோ

இதைச் சொல்ல ஆரம்பிக்கும்போதெல்லாம் பிரிட்டோவுக்கு ஒரு தடுமாற்றம் வரும். அப்போது தவக்காலம் தொடங்கிவிட்டதா இல்லையா என்பது அவனுக்கு நினைவில்லை. வண்டியின் நிறம் நீலம் என்பான். அன்று கடையில் கூடவே வேலை பார்த்த சாலமோன் அது சாம்பல் என்பார். அந்த அம்மா சொன்ன வார்த்தைகளை அவர் சொன்னபடியேதான் வைத்திருக்கிறோமா, சொல்லிச் சொல்லி நாமே தேய்த்து வழவழப்பாக்கிவிட்டோமா என்றும் ஒரு சந்தேகம் அவனுக்கு உண்டு. ஆனால் அந்த மாவு விஷயத்தில் மட்டும் சந்தேகமே கிடையாது. அது இன்றும் அவனிடம் இருக்கிறது.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்டி வேளச்சேரி போகும் சாலையில் பிரிட்டோவின் டயர் கடை. கடைக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் நான்கு சக்கரங்கள் தொங்கும். பத்தொன்பது அங்குல அலாய் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் மெல்லிய பத்துக் கம்பிகள், மங்கின கறுப்பு, டயர் போட்டபடியே. ஆர்டர் கொடுத்தவன் வெளிநாடு போய்விட்டான். மூன்று வருடமாகப் பிரிட்டோ தினமும் காலையில் அவற்றைத் துடைத்தான். கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஜீப்புக்கும் வாடகைக் காருக்கும் மாட்டுவதற்கா அது? தகுந்த வண்டி ஒருநாள் வரும் என்று நம்பினான். பூசை நேரத்தில் பீடத்தைப் பார்ப்பதுபோல் அந்தச் சுவரைப் பார்ப்பதாக அவன் மனைவி ஜாஸ்மின் கேலி செய்வாள்.

வண்டி வந்தது. இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய கூரை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு. பத்து வருடப் பழசு. அதிலிருந்து இறங்கியவர் பத்ரிநாராயணன், அறுபத்து மூன்று வயது, செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் வீடு, நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேல், கையில் கோடு போட்ட நோட்டு. முந்தின சொந்தக்காரன் பள்ளத்தில் விட்டதில் இரண்டு சக்கரம் வளைந்திருந்தது. நாலையும் மாற்ற வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்தார். அப்புறம் பார்வையை எடுக்கவில்லை. அந்தப் பார்வையைப் பிரிட்டோ அறிவான். மூன்று வருடமாக அவனுடையதாக இருந்த பார்வை அது.

நோட்டில் எல்லாம் கணக்குப் போட்டிருந்தார். கம்பெனி கொடுத்தது பதினேழு அங்குலம், அதில் டயரின் பக்கச்சுவர், அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர், நூற்றொரு மில்லிமீட்டர். பத்தொன்பது போட்டால் பக்கச்சுவர் எண்பத்திரண்டாகக் குறையும், மொத்த உயரம் பதின்மூன்று மில்லிமீட்டர் கூடும். ஸ்பீடோமீட்டர் எவ்வளவு பொய் சொல்லும் என்பதுகூட எழுதியிருந்தது. பெரிய சக்கரம் மட்கார்டில் இடிக்குமா என்பது மட்டும்தான் பாக்கி.

"சார், நம்ம ரோட்ட கொஞ்சம் பாருங்க சார்," என்றார் சாலமோன், பஞ்சர் தொட்டியிலிருந்து தலை தூக்காமலே. "வடிகால் தோண்டி பல்லாங்குழி கணக்கா வெச்சிகிறான். இதுல பத்தொம்போது போட்டுகினு போனா ஒங்க பல்லு செட்டு ஒங்க மடில கெடக்கும்."

"என் பல் சொந்தப் பல்லுப்பா."

"அதான் சார் சொல்றேன். இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும்."

பத்ரிநாராயணன் சிரித்தார். அப்புறம் ஸ்கேலைத் துடைத்தபடி, யாருக்கோ சொல்வதுபோல் அந்த வண்டி வாங்கின காரணத்தைச் சொன்னார். கல்யாணமான புதிதில் ஒரே வீட்டில் பதினோரு பேர். ஒருநாள் கடற்கரைச் சாலையில் இதுபோல் ஒரு வண்டி நின்றதைப் பார்த்து அவர் மனைவி, "ரெண்டு பேர்தான் உக்கார முடியுமா? அப்போ ரொம்ப நல்லது," என்றாராம். முப்பத்து நாலு வருடமாக அந்த ஒரு வாக்கியம் அவருக்குள் இருந்திருக்கிறது. வண்டியை வாங்கி வந்து நிறுத்தியபோது மனைவிக்கு முதுகுத் தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். ஆட்டோவில் ஏறினாலே வலி. வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நானா சொன்னேன்? ஞாபகமே இல்லையே," என்று உள்ளே போய்விட்டார். இதுவரை ஒருதரம்கூட அதில் உட்காரவில்லை.

"வண்டி பாக்க அவ்ளோ அழகா இருந்தா, ஒருவேளை ஒக்காருவா," என்றார்.

பிரிட்டோவுக்கு அப்போதே ஒன்று சொல்லத் தோன்றியது. பக்கச்சுவர் குறையக் குறையப் பள்ளம் நேராக முதுகில் ஏறும் என்பது டயர்க்காரனுக்குத் தெரியாதா? ஆனால் அவன் பார்வை சுவரில் இருந்தது. வாய் திறக்கவில்லை. தன் வாழ்க்கையில் மிகச் சுலபமாகச் செய்த தப்பு அதுதான் என்பான்.

இடிக்குமா என்று பார்க்க பிரிட்டோவிடம் ஒரு வழி இருந்தது. மட்கார்டின் உள்பக்கம் ஒரு உருண்டை சப்பாத்தி மாவை ஒட்டுவான். வண்டியில் ஆள் எடையை ஏற்றி, வேகத்தடை மேல் விடுவான். சக்கரம் எழும்பி மாவை நசுக்கும். நசுங்கியது போக மிச்சமிருக்கும் கனம்தான் இடைவெளி. ஜாஸ்மின் காலையில் டிபன் டப்பாவோடு மாவையும் கொடுத்துவிடுவாள். அன்றும் இருந்தது.

பக்கத்து இருக்கைக்கு எடை வேண்டும். "எவ்ளோ சார்?" என்று கேட்டான்.

"அறுபத்திரண்டு," என்றார் பத்ரிநாராயணன், யோசிக்காமல். "ஆபரேஷனுக்கு அப்புறம் அறுபத்திரண்டு."

கடைக்கு அடுத்த மளிகையிலிருந்து இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டு, பத்து கிலோ ஒன்று, மேலே இரண்டு கிலோ துவரம் பருப்பு. கறுப்புச் சக்கரங்கள் சுவரிலிருந்து இறங்கி வண்டியில் ஏறின. துளைகள் நூல் பிசகாமல் பொருந்தின. ஜாக்கியை இறக்கியதும் மூன்று பேரும் பின்னால் நகர்ந்து நின்றார்கள். தண்ணீரைக் கிழித்துப் பாயத் தயாராக நிற்கும் ஏதோ ஒரு மீன்போல இருந்தது அந்த வண்டி. பத்ரிநாராயணன் மட்டும் குனிந்து அரிசி மூட்டைக்கு பெல்ட் போட்டார்.

"இன்னா சார், மூட்டைக்கு பெல்ட்டா? ஹெல்மெட்டு வாணாமா?"

ஏரிப் பக்கத்து வேகத்தடையில் ஏறி இறங்கி வண்டி திரும்பியது. பிரிட்டோ மாவை எடுத்து அளந்தான். ஒன்பது மில்லிமீட்டர். தாராளம். இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மெல்ல, இடுப்பில் பட்டை கட்டியிருந்த ஒரு பெண்மணி இறங்கினார். அபிதகுஜாம்பாள். கணவர் மறந்துவிட்டு வந்த ரத்த அழுத்த மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் கையில்.

வண்டியைப் பார்த்தார். சக்கரங்களைப் பார்த்தார். அப்புறம் பக்கத்து இருக்கையைப் பார்த்தார்.

"ஏன்னா, இது யாரு?"

"இது... எடைக்கு வெச்சது."

"நானா?"

பத்ரிநாராயணன் ஸ்கேலைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பருப்பு வேற வெச்சிருக்கேளே. அது என் தலையா?"

சாலமோன் தொட்டியில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். அபிதகுஜாம்பாள் சிரிக்கவில்லை. பிரிட்டோவின் உள்ளங்கையில் இருந்த மாவைப் பார்த்து, அது என்னவென்று கேட்டார். அவன் விளக்கினான். அவர் ஒரு விரலால் அதை அழுத்தினார். விரலை எடுத்ததும் பள்ளம் மெதுவாக மேலே எழும்பியது.

"இது கோதுமை மாவாச்சேப்பா. சப்பாத்தி தேச்சுக் கல்லுல போடறதுக்குள்ளயே சுருங்கிக்கும். நசுங்கினது நசுங்கினபடியா இருக்கும்? நீ கையில எடுக்கறச்சே உப்பிண்டிருக்கும். அரிசி மாவுதான் அழுத்தினா அப்படியே நிக்கும். கொழுக்கட்டைக்குக் கிளறுற பதம்."

பிரிட்டோ மாவைத் திருப்பிப் பார்த்தான். ஆறு வருடமாக எத்தனை வண்டிகளை அந்த மாவை நம்பி அனுப்பியிருக்கிறான்! தினமும் வீட்டில் சப்பாத்தி சுருங்குவதைப் பார்த்துச் சாப்பிட்டவன்தான் அவன்.

மளிகையிலிருந்து அரிசி மாவு வந்தது, டீக்கடையிலிருந்து கொதிநீர். குனிய முடியாததால் நின்றபடியே, டயர் கழற்றும் கம்பிகள் கிடந்த மேசையில் பேப்பர் விரித்து, அபிதகுஜாம்பாள் மாவைப் பிசைந்தார். உருட்டிப் பிரிட்டோவிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"மூட்டைய எறக்குங்கோ."

"அபிதா, வேண்டாம். அவ்ளோ தாழ்வா..."

"என் எடத்துல அரிசி ஒக்காந்திருக்கு. எறக்குங்கோன்னா."

ஒரு மனுஷி காரில் உட்காருவதை அதுவரை பிரிட்டோ பார்த்ததாகவே நினைக்கவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். இரண்டு கையாலும் பின்னால் தேடி விளிம்பைப் பிடித்தார். முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல், கிணற்றில் வாளி இறங்குவதுபோல அங்குலம் அங்குலமாக இறங்கினார். பாதியில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். கணவர் கையை நீட்டவில்லை. நீட்டக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாலையில் பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே போனது. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். மலை ஏறுகிறவர்களை டிவியில் பார்த்திருக்கிறான். இது அதைவிடப் பெரிதாக இருந்தது.

பிரிட்டோ வேகத்தடை அருகே போய் நின்றான். வண்டி மெதுவாக வந்து ஏறி, இறங்கியது. 'டம்' என்று ஒரு வறட்டுச் சத்தம். கண்ணாடிக்குப் பின்னால் அந்த அம்மாவின் முகம் மாறவில்லை. ஆனால் கதவின் மேல் வைத்திருந்த விரல்கள் வெளுத்து, மறுபடி நிறம் வர நேரம் பிடித்தது. அதை அவன் பார்த்துவிட்டான்.

கடையில் மாவை எடுத்தான். மூன்று மில்லிமீட்டர். அதன்மேல் டயரின் நான்கு கோடுகள் அச்சு வார்த்ததுபோல் பதிந்திருந்தன. மட்கார்டின் ஓரத்தைச் செதுக்கினால் இடிக்காமல் ஓட்டிவிடலாம். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். பத்ரிநாராயணன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவால்ல சார், செதுக்கிடலாம்" என்று அவன் சொல்லிவிடவேண்டும் என்பதுபோலவும், சொல்லிவிடக்கூடாது என்பதுபோலவும்.

"இடிச்சுதா, அபிதா?"

"இல்லையே. நன்னாத்தானே இருந்தது."

பிரிட்டோ சுவரில் இருந்த நான்கு வெற்று ஆணிகளைப் பார்த்தான்.

"சார், இது வாணாம் சார்," என்றான். "மாவுக்காக சொல்லல. மாமி கைய பாத்தேன். மொதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லாம வுட்டுட்டேன். பதினேழே போடுங்க. அழகு கம்மி. ஆனா சைடு ஒசரம் இருக்கும், பள்ளத்த டயரே வாங்கிக்கும்."

பத்ரிநாராயணன் நோட்டை மூடினார். "போடு," என்றார்.

பின்அறையில் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பதினேழு அங்குலச் சக்கரங்கள் இருந்தன. ஐந்து தடித்த கம்பிகள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அபிதகுஜாம்பாள் இறங்க மறுத்துவிட்டார். மறுபடி ஏற முடியாதென்றார். அவர் உட்கார்ந்திருக்க, ஜாக்கியில் அவரையும் சேர்த்தே தூக்கி மாட்டினார்கள். "மாமி, ஒங்கள லிஃப்ட்ல ஏத்திட்டோம்," என்று சாலமோன் சொன்னதற்கு முதல்முறையாகச் சிரித்தார். ஜாக்கியை இறக்கியதும் சக்கரங்களின் தூசியைச் சாலமோன் குழாய்த் தண்ணீரால் கழுவிவிட, தரையெல்லாம் நனைந்தது.

கூரையை மடக்கினார்கள். வெயில் அவர் மேல் விழுந்தது. வண்டி புறப்பட்டு ஏரிப் பக்கம் போய், வேகத்தடையில் ஏறி, சத்தமில்லாமல் இறங்கி, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மட்கார்டில் புதிதாக ஒட்டிவிட்ட மாவைப் பார்க்கத் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வரவில்லை.

பிரிட்டோ தரையைப் பார்த்தான். ஈரத்தின் நடுவே, வண்டி நின்ற இடத்தில், நான்கு இடம் மட்டும் நனையாமல் இருந்தது. அவன் குனிந்து ஒன்றின் பக்கத்தில் கையை விரித்து வைத்தான். ஏறக்குறைய அவன் கை அளவு. அவ்வளவுதான். அத்தனை இரும்பும், அந்த இரண்டு பேரும், முப்பத்து நாலு வருடமும் பூமியைத் தொட்டுக்கொண்டிருந்தது இந்த நாலு கையளவில்தான். இருபது வருடமாக டயர் மாட்டுகிறவனுக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் ஓரங்களிலிருந்து ஈரம் ஊர்ந்து வந்து அந்த நாலும் மறையும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.

பத்ரிநாராயணன் இப்போதும் இரண்டாவது சனிக்கிழமைகளில் காற்று பார்க்க வருகிறார். அபிதகுஜாம்பாளுக்கு அந்த வருடமே இன்னொரு அறுவை சிகிச்சை ஆனது. இப்போது பட்டை இல்லாமல் நடக்கிறார், நெடுந்தூரம் உட்கார முடியாது, முட்டுக்காடு வரை போய்த் திரும்புவார்கள். கடற்கரைச் சாலையில் அப்படிச் சொன்னதாக அவருக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை. சாலமோன் வேலையை விட்டுவிட்டு அனகாபுத்தூரில் மகள் பிளஸ்ஸியோடு இருக்கிறார். ஜாஸ்மின் சப்பாத்தி மாவு கொடுத்துவிடுவதில்லை. கறுப்புச் சக்கரங்கள் பழையபடி சுவரில் தொங்குகின்றன, பிரிட்டோ அவற்றை வாரத்துக்கு ஒருமுறை துடைக்கிறான். அவற்றுக்குக் கீழே, பில் புத்தகத்தின் மேல் கனத்துக்காக, கல்லாகக் காய்ந்துபோன ஒரு துண்டு அரிசி மாவு இருக்கிறது. அதில் நான்கு கோடுகள்.