டிரைவர் நீங்கலாக

அழகுராஜா ஊருக்கு வந்த அன்றே எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டான். வேண்டுமென்று செய்ததல்ல. ராஜபாளையத்தில் மைத்துனன் சந்தனத்தின் வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போக வேண்டுமென்று மனைவியின் அக்கா பரிபூரணம் முதல் ஆளாகப் பின்சீட்டில் ஏறிக் கதவைப் படாரென்று சாத்தினாள். அழகுராஜா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஓடிபி சொல்லுங்க" என்றான்.

"என்னத்தச் சொல்லணும் தம்பி?"

அவ்வளவுதான். பாண்டிசெல்விக்குப் புருஷனை நினைத்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தனம் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். பேண்டேஜ் துணி நெய்யும் யூனிட்டில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே பழகியவன் அவன். சாயங்காலம் டீக்கடைக்காரர்கூட, "ஓடிபி சொன்னாத்தான் டீ" என்றார். அழகுராஜாவும் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பதற்கு அவனுக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஒன்பது வருஷமாகச் சென்னையில் ஆப் மூலம் வாடகைக் கார் ஓட்டுகிறான்; ஏறுகிறவரிடம் ஓடிபி கேட்காமல் வண்டி நகராது. சென்னையில் இருக்கிறான் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். அவன் இருப்பது டிரைவர் சீட்டில். விடிவதற்கு முன்னால் கிளம்பும்போது மகள் கோதை தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பி வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். இந்த இரண்டு தூக்கத்துக்கும் நடுவில் அவள் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

அந்தத் தொழிலில் சில பாடங்களை அடி வாங்கித்தான் கற்க வேண்டும். ஒரு தடவை, பின்சீட்டிலிருந்த ஒரு பெண், டிரைவர் கண்ணாடி வழியாகத் தன்னையே பார்க்கிறார் என்று ஆப்பில் புகார் எழுதிவிட்டாள். அவன் பார்த்தது பின்னால் முட்டிக்கொண்டு வந்த தண்ணீர் லாரியை. யார் கேட்டார்கள்? இரண்டு நாள் அவன் ஐடியை முடக்கிவிட்டார்கள். அன்றைக்கே உள்கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பியவன், அதன் பிறகு பக்கவாட்டுக் கண்ணாடிகளை வைத்தே ஓட்டுகிறான். பின்னால் யார் ஏறினாலும் அவனுக்குக் குரல்தான், முகம் கிடையாது. எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பான். கல்யாண வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும் அதே "சரிங்க"தான். இறக்கிவிட்டதும் சீட்டைப் பின்னால் தள்ளிப் பத்து நிமிஷம் கண்ணை மூடுவான். அடுத்த சவாரி கூப்பிட்டால் எழுந்துகொள்வான்.

கொளத்தூரில் மூன்றாம் மாடி வீடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் ஏறும். கோதைக்குக் குளிக்க ஏழு மக். எட்டாவது மக் மோந்தால் சத்தத்தை வைத்தே பாண்டிசெல்வி வெளியிலிருந்து கண்டுபிடித்துவிடுவாள். டாக்சிக்காரர்கள் ஸ்டிரைக் செய்த ஒரு நாள், வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அழகுராஜா, ஊரில் மக் இல்லாமலே குளிக்கலாம் என்று மகளிடம் சொல்லிவிட்டான். செண்பகத்தோப்பில் மலையிலிருந்து ஓடை வரும், மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே முங்க வேண்டியதுதான் என்றான்.

"நீங்க சொல்லித் தருவீங்களா?"

"அரைப்பரீட்சை லீவுக்குப் போவோம். நானே கையப் பிடிச்சு முங்க வைக்கேன்."

பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு மறந்துபோவது பெரியவர்களுக்குச் சுலபம். கோதை மறக்கவில்லை. மறுநாளிலிருந்து மூச்சை அடக்கிப் பழக ஆரம்பித்தாள். விரலை மடக்கி எண்ணி, அம்மாவின் போனில் அப்பாவுக்குக் குரல்செய்தி அனுப்புவாள். விமான நிலையத்தில் வரிசையில் கிடக்கும்போது அவன் அதைக் கேட்பான். "அப்பா, இன்னைக்கு பதினாறு." ஒரு வாரம் கழித்து, "அப்பா, இருபத்து மூணு." பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வண்டியை ஓரடி முன்னால் நகர்த்துவான். அந்தக் குழந்தை நான்கு மாதம் அந்த ஓடைக்காகவே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

லீவு வந்தது. ஐந்து நாள் கிடைத்தது. ஆனால் வாசலில் ஒரு காரும் அதற்கு ஓர் ஓட்டுநரும் நின்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? மார்கழி மாசம், ஆண்டாளைப் பார்க்காமல் இருக்கலாமா என்று முதல் நாள் போனது. இரண்டாம் நாள், சந்தனத்தின் மனைவி வெங்கடேஸ்வரியின் சொந்தத்தில் தேவதானத்தில் ஒரு காதுகுத்து. மூன்றாம் நாள் ரயிலடிக்கு இரண்டு தடவை, யூனிட்டுக்குத் துணிக்கட்டோடு மூன்று தடவை. கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நாட்டுக்கோழி அடித்து, "தம்பி, இன்னும் செத்த போட்டுக்கோங்க" என்று பரிமாறினவர்கள்தான்.

தேவதானத்தில் வண்டியின் மஞ்சள் நம்பர் பலகையைப் பார்த்த பந்திக்காரர், "டிரைவர் அண்ணே, முதப் பந்தியிலயே உக்காந்துருங்க, பொறவு கூட்டம் ஏறிரும்" என்றார். அவனும் வேன் ஓட்டுநர்கள் இரண்டு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்தான். குடும்பத்தோடு போட்டோ எடுக்க பாண்டிசெல்வி தேடியபோது ஆளைக் காணோம்.

"எங்க போனீங்க? பேரு சொல்லிக் கூப்பிட்டோம்ல."

"வண்டியிலதான் இருந்தேன்" என்றான். அவனுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

நான்காம் நாள்தான் செண்பகத்தோப்பு. மறுநாள் விடியற்காலையில் சென்னைக்குத் திரும்ப வேண்டும். கோதை எட்டு மணிக்கே துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். நாலு பேர் உட்காரும் வண்டியில் சந்தனமும் அவன் மடியில் மகன் தனுஷும் முன்னால், மூன்று பெண்களும் கோதையும் பின்னால். எலுமிச்சைச் சோற்று வாளி பரிபூரணத்தின் மடியில்.

வனத்துறைச் செக்போஸ்ட்டில் காக்கி உடுப்புப் போட்ட பெண் காவலர் நோட்டோடு வந்தாள்.

"எத்தன பேரு?"

"ஆறு பேரு மேடம்" என்றான் அழகுராஜா.

"நாலு மணிக்குள்ள வெளிய வந்துறணும். போன வாரம் நாலு பேரு உள்ள தங்கிட்டானுவ, எங்களுக்குத்தான் பேச்சு. எண்ணிக்கை சரியா இருந்தாத்தான் வெளிய விடுவேன்." வண்டி எண்ணை எழுதி, பக்கத்தில் 6 என்று போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

தடுப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வண்டி போகும், அதற்கு மேல் நடந்துதான் போக வேண்டும். எல்லோரும் இறங்கினார்கள். கோதை சுற்றி வந்து அவன் பக்க ஜன்னலில் நின்றாள்.

"வாங்கப்பா."

"நீ முன்னால போ. வண்டிய நிழல்ல போட்டுட்டு வாரேன்."

புளியமரத்து நிழலில் வண்டியைப் போட்டான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். அதுவரைக்கும் அவன் செய்தது. பிறகு அவன் கை தன்பாட்டுக்குக் கீழே போய்ச் சீட்டைப் பின்னால் தள்ளியது. ஆட்கள் இறங்கிவிட்டார்கள், வண்டி நின்றுவிட்டது, உடம்புக்கு வேறென்ன தெரியும்? ஐந்து நிமிஷம் என்று நினைத்தான். அப்படி நினைத்ததாகத்தான் ஞாபகம்.

கண்ணாடியைத் தட்டும் சத்தத்தில் விழித்தபோது மணி மூன்றே கால். வெளியே கோதை நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, உதடு நீலம் பாரித்திருந்தது.

"நான் முங்கிட்டேன்பா! மாமா கையப் பிடிச்சுக்கிட்டாங்க. முப்பத்தொண்ணு!"

"முப்பத்தொண்ணா" என்றான். "என்னைய எழுப்பியிருக்கலாம்லம்மா."

"ரெண்டு தடவ வந்தேன். அம்மா வேண்டாம்னுட்டாங்க."

பின்னால் வந்த பாண்டிசெல்வி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, "எத்தன வருசத்துக்குப் பொறவு நீங்க வாயத் தொறந்து தூங்குறதப் பாக்கேன். எழுப்ப மனசு வரல" என்றாள். அவனுக்கான சோற்றை இலையில் மடித்து டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதில் எறும்பு ஏறியிருந்தது. அவள்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை.

"வா, இன்னொரு தடவ முங்குவோம். நேரம் இருக்கு" என்று இறங்கினான். பத்தடி நடப்பதற்குள் மேலே விசில் ஊதினார்கள். மலையில் மேகம் இறங்குகிறது, ஓடையில் இருக்கிறவர்கள் எல்லாம் வெளியேறுங்கள் என்று ஒரு காவலர் கத்திக்கொண்டே வந்தார். கோதை அவரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவளாகவே போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

செக்போஸ்ட்டில் அதே பெண் காவலர் குனிந்து வண்டிக்குள் எண்ணினாள். நோட்டைப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

"ஏழு பேரு இருக்கீங்க. ஆறுன்னுல்ல எழுதியிருக்கு. ஒரு ஆள எங்கருந்து ஏத்துனீங்க?"

"யாரையும் ஏத்தலையேம்மா" என்றான் சந்தனம். "நானு, எம் பொண்டாட்டி, எம் பையன், பெரியக்கா, சின்னக்கா, இந்தப் புள்ள. ஆறு. சரியாத்தான இருக்கு?"

"ஆறுதான்" என்றாள் வெங்கடேஸ்வரியும். பரிபூரணம் சோற்று வாளியைத் தட்டித் தட்டி எண்ணினாள். அவளுக்கும் ஆறுதான் வந்தது. பாண்டிசெல்வி உதட்டை அசைத்து எண்ணிவிட்டுத் தலையாட்டினாள். பின்னால் மூன்று வண்டிகள் ஹாரன் அடித்தன. அழகுராஜாவும் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணினான். ஆறு வந்தது.

"எனக்கு ஏழு வருதே" என்றாள் காவலர். "உள்ள ஒளிஞ்சு கெடந்தவன் எவனையும் ஏத்திக்கிட்டு வந்திருந்தா பொறவு எனக்கு வேல போயிரும்." பெரியவர்களை நம்பாமல் பின் ஜன்னலுக்கு வந்தாள். "பாப்பா, நீ சொல்லு. ஆத்துக்கு எத்தன பேரு போனீங்க?"

கோதை விரலை மடக்கினாள். வகுப்பில் டீச்சருக்குச் சொல்வது போலத் தெளிவாகச் சொன்னாள். "ஆறு பேர் மிஸ்."

"யார் யாரு?"

"மாமா, அத்தை, தனுஷ், பெரியம்மா, அம்மா, நான்."

"அப்பா வரலையா?"

"அப்பா வரல மிஸ்."

"ஏன், அவிய ஊர்ல இல்லையா?"

"இருக்காங்க. இந்தா, வண்டி ஓட்டுறாங்கல்ல, அவங்கதான் அப்பா."

காவலர் முன்பக்கம் வந்து அழகுராஜாவின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். "நீங்க அப்பாவா? காலையிலயே சொல்ல வேண்டியதுதான சார்? நீங்கதான ஆறுன்னீங்க. நான் வாடகை வண்டி டிரைவர்னுல்ல நெனச்சேன்."

"டிரைவர்தான் மேடம்" என்றான் அவன்.

6 என்பதை அடித்துவிட்டு 7 என்று எழுதி, மறுபடி கையெழுத்துக் கேட்டாள். போட்டுக் கொடுத்தான். தடுப்புக் கம்பம் மேலே போனது.

கொஞ்ச தூரம் போனதும் சந்தனம்தான், "நம்ம ஒருத்தருமே மச்சான எண்ணலையேப்பா!" என்று சிரிக்கப் பார்த்தான். ஓடிபிக்குச் சிரித்தவர்கள் இதற்குச் சிரிக்கவில்லை. பாண்டிசெல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வலிக்கும் என்று அழகுராஜா காத்திருந்தான். வலித்தாக வேண்டிய விஷயம் என்பது அவனுக்குத் தெரியும். ஒன்றும் வரவில்லை. விமான நிலைய வரிசையில் நாலு மணி நேரம் இருந்துவிட்டு இறங்கும்போது வலது கால் இப்படித்தான் இருக்கும், கிள்ளினாலும் யாரோ ஒருவருடைய காலைக் கிள்ளியது போல. அது மட்டும் அவனுக்குப் பயமாக இருந்தது.

"அப்பா, நாளைக்கு ஒரு தடவ வரலாமா?" பின்னாலிருந்து கோதையின் குரல் வந்தது.

"சரிங்க" என்றான்.

சொன்ன பிறகுதான் அவன் காதில் விழுந்தது. நாளைக்கு விடியும் முன்னே சென்னைக்குக் கிளம்புகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிய ஆரம்பித்த இடத்தில், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த உள்கண்ணாடியைக் கையை நீட்டிக் கீழே இறக்கினான். துடைக்காமல் விட்டதால் தூசி படிந்திருந்தது. விரலால் தேய்த்தான். பரிபூரணத்தின் தோளுக்கும் கதவுக்கும் நடுவில் மகளின் முகம் தெரிந்தது. ஈர முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்ணை இறுக்கி மூடி, கன்னங்களை உப்பி, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மடியில் மற்றொரு கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

அவனும் கூடவே எண்ணலாம் என்று நினைத்தான். அவள் எப்போது ஆரம்பித்தாள் என்பது தெரியாததால், எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.