இரண்டாவது கும்பிடு

மழை வரப்போகிறது என்றால் முதலில் என் வலது தோளுக்குத்தான் தெரியும். பதினொரு வருடம் கப்பலின் வயிற்றோரம் பலகையில் தொங்கிக்கொண்டு சுத்தியலால் துரு தட்டிய தோள் அது. அன்று காலை கடைக் கதவைத் தூக்கக் கை எழவில்லை. இடது கையால் பாதி தூக்கி, முதுகைக் கொடுத்து ஏற்றிவிட்டு, உள்ளே போய்ச் சரிந்து உட்கார்ந்தேன். கடை என்றால் மீன் சந்தைக்கு ஏறும் படிக்கட்டின் கீழே ஒரு பொந்து. பழைய வீடியோ கேசட்டை டிவிடியாக மாற்றிக் கொடுக்கும் வேலை. எங்கள் யொங்தோத் தீவில் நடந்த கல்யாணமும் குழந்தைகளின் முதல் பிறந்தநாளும் கிழவிகளின் அறுபதாம் ஆண்டு விருந்தும் என் மெஷின் வழியாக ஒரு தடவை ஓடித்தான் தட்டில் ஏறும்.

காப்பிக் கோப்பையை வாயருகே கொண்டுபோயிருப்பேன். முன்தினம் கொடுத்தனுப்பிய டிவிடி மேஜைமேல் வந்து விழுந்தது.

"ஒக்பூன்! என் புருசன் சத்தம் எங்கடி?"

பில்நாம் அக்கா. ஒரே பலகையில் எனக்குப் பக்கத்தில் தொங்கியவள். நான் இறங்கிவிட்டேன், அவள் ஐம்பது தாண்டும்வரை தட்டினாள். எங்கள் கூட்டத்தில் யாருக்கும் மெல்லப் பேச வராது. சுத்தியலை மீறிக் கத்திப் பழகிய தொண்டை, அந்தச் சத்தத்தில் பாதி போன காது. ஆனால் அன்று அவள் இடது காதில் புதிதாக ஒரு மெஷின் இருந்தது.

"எதுக்கு அக்கா கத்தறீங்க? அதான் காதுல மாட்டியிருக்கீங்களே."

"மாட்டிக்கிட்டுத்தான் கேக்கறேன். அடுத்த வீட்டுப் பூனை நடக்கறது கேக்குது. சீரியல்காரி மூக்கு உறியறது கேக்குது. என் புருசன் வாயத் திறக்கறான், ஒண்ணும் வரல. டிவிடி எடுக்கறப்ப நீ முழுங்கிட்டியா?"

அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் மாமியாருடைய அறுபதாம் ஆண்டு விருந்து. அடுக்கிவைத்த பழத்துக்கும் அரிசிப் பணியாரத்துக்கும் பின்னால் கிழவி பட்டுடுத்தி உட்கார்ந்திருப்பாள். ஒரே மகன் மான்பொக் மதுக் கிண்ணத்தோடு முன்னால் வந்து நிற்பார். மகனும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சேர்ந்து விழுந்து கும்பிட வேண்டும், அதுதான் முறை. மான்பொக் பக்கவாட்டில் திரும்பி என்னவோ சொல்வார். கூட்டம் சிரிக்கும். தனியாக விழுந்து கும்பிடுவார். எழுந்ததும் மறுபடி என்னவோ சொல்லி, இன்னொரு தடவை விழுவார்.

உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு கும்பிடு. இரண்டு என்பது செத்தவர்களுக்கு. அடுத்த வசந்தத்தில் அவர் ஏறிப்போன சூரை மீன் பிடிக்கும் கப்பல் தென்கடலிலிருந்து திரும்பவில்லை. பிணமும் வரவில்லை. மாமியார் சாகும்வரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "உன்னாலதான் அவன் ரெண்டு தடவ விழுந்தான்." அக்காவும் ஒன்றை நெஞ்சில் வைத்திருந்தாள்: தன்னைப் பக்கத்தில் நிறுத்த அவருக்கு வெட்கம். துருக் கை, கருத்த முகம், செவிட்டுக் காது. "அவ அடுப்படியிலயே கிடக்கட்டும்" என்றோ என்னவோ சொல்லித்தான் எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறார். அன்று அங்கே இருந்தவர்களிடம் போய், என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று எப்படிக் கேட்பது? பதினேழு வருடம் கேட்கவில்லை. காதுக்கு மெஷின் வாங்கியது அதற்காகத்தான். மகன் கிதே கூட, டாக்டர் சொல்லி வாங்கியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னான்னு தெரியணும்," என்றாள். "திட்டியிருந்தாலும் பரவாயில்ல. தெரிஞ்சாப் போதும்."

டிவிடியைப் போட்டேன். படம் நன்றாக இருந்தது. சத்தம் இல்லை. ஒயரைப் பிடுங்கி மாற்றிச் செருகினேன். வேறொருவரின் கல்யாணக் கேசட்டைப் போட்டால் பாட்டும் கூச்சலுமாகக் கடை அதிர்ந்தது. என் மெஷினில் குறையில்லை. அக்காவின் கேசட்டை நேராக டிவியில் ஓடவிட்டு, நல்ல காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். மணல் கொட்டுவதுபோல ஒரு இரைச்சல் மட்டும்.

"அக்கா, இது கேசட்லயே இல்ல. இதுல அவர் பேசிக் கடைசியா எப்பக் கேட்டீங்க?"

"எப்பவா? நான் எங்கடி கேட்டேன்? என் காது போச்சுன்னுல்ல இருந்தேன்."

"மத்தவங்க?"

"யாரு இருக்கா, நாமதானே பாத்தோம். கிதே இந்தப் படம்னா எழுந்து வெளிய போயிடுவான்."

ஒவ்வொரு வருடமும் மான்பொக்கின் நினைவு நாளன்று, படையல் முடிந்ததும், துரு தட்டும் பெண்கள் ஏழெட்டுப் பேர் அவள் வீட்டில் வரிசையாக உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறோம். ஒருத்திக்கும் எதுவும் கேட்டதில்லை. ஒவ்வொருத்தியும் தன் காதுதான் போய்விட்டது என்று நினைத்து, பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கிறது என்று நம்பி, அவள் தலையாட்டும்போது தானும் தலையாட்டியிருக்கிறாள். டிவிடி எடுக்கும்போதும் நான் அதைத்தான் செய்தேன். படம் வருகிறதா என்று பார்த்தேன். சத்தம் கேட்காததை என் காதின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். முதலில் அவள்தான் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, மேஜையைக் குத்திக் குத்திச் சிரித்தாள். "செவிட்டுக் கழுதைங்களா! ஊமைப் படத்தையாடி இத்தன வருசம் பாத்து அழுதோம்!" சிரிப்பு நின்றபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அப்போது படத்தின் மூலையில் வீடியோக்காரரின் பெயர் மின்னி மறைந்தது. அந்த ஆளை எனக்குத் தெரியும். நல்ல கேமரா வைத்திருந்தார். அந்தக் கேமரா சத்தத்தை இரண்டு இடத்தில் எழுதும். ஒன்று நாடாவின் ஓரத்தில் மெல்லிய கோடாக. இன்னொன்று படத்துக்கு அடியிலேயே ஆழமாக. விருந்து முடிந்த பிறகு பாட்டுச் சேர்க்க வேண்டுமென்றால் ஓரத்துக் கோட்டை அழித்துவிட்டு அதில் பாட்டை ஏற்றுவார்கள். இவர் பாட்டு ஏற்றப் பொத்தானை அழுத்திவிட்டு ஒயரைச் செருக மறந்திருக்கலாம். அழிந்தது ஓரம் மட்டும். என்னிடம் இருந்த மலிவு மெஷின் ஓரத்தை மட்டும்தான் படிக்கும்.

மேஜைக்கு அடியில் ஒரு கனமான பழைய வீடியோ டெக் கிடந்தது. கேசட் வாய் சிக்கும் என்பதால் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். அடியில் இருப்பதைப் படிக்கிற தலை அதில் உண்டு. தூக்க முடியவில்லை, அக்கா ஒரு பக்கம் பிடித்தாள்.

"அடியிலன்னா? படத்துக்கு அடியிலயா?"

"ஆமா அக்கா. மேல பெயிண்ட், அடியில இரும்பு மாதிரி."

"அப்பத் தட்டினா வரும்," என்றாள்.

கேசட்டைத் தள்ளி, முன்பக்கத்து விசையைத் திருப்பினேன். முதலில் ஈ மொய்ப்பதுபோல ஒரு உறுமல். படத்தை நேராக்கும் திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். உறுமல் கரகரத்தது, விட்டது, மறுபடி பிடித்தது. பிறகு, கதவைத் திறந்ததுபோல, அந்த வீடு முழுவதும் என் கடைக்குள் வந்து நின்றது.

கிண்ணம் கிண்ணத்தில் இடித்தது. ஒரு குழந்தை தும்மியது. யாரோ சூப்பை உறிஞ்சினார்கள். எண்ணெயில் எதுவோ பொரிந்தது. இத்தனை வருடம் இருட்டில் கிடந்த சத்தம், அப்போதுதான் வாயிலிருந்து வந்ததுபோல ஈரத்தோடு இருந்தது. அக்கா டிவியைப் பார்க்கவில்லை. மோவாயைத் தூக்கி, கடையின் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெளிய," என்றாள். "வெளிய கேளு."

விருந்துச் சத்தத்துக்கு அப்பால், வெகு தூரத்தில், கணீர் கணீர் என்று இரும்பு. கப்பல் பட்டறை. அன்று எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. விருந்துக்குப் போகாமல் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு அடி என்னுடையது.

மான்பொக் கிண்ணத்தோடு முன்னால் வந்தார். பக்கவாட்டில் திரும்பினார்.

"கிதே அம்மா!"

அக்காவின் கை என் வலிக்கிற தோளைப் பிடித்தது. நான் அசையவில்லை.

"கிதே அம்மா, வா! சேந்து கும்பிடலாம்!" பதில் இல்லை. "கிதே அம்மோவ்!"

அவருக்குப் பின்னால், கதவிடுக்கில், சூப்புத் தட்டோடு ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு போனாள். திரும்பவில்லை.

யாரோ ஒரு ஆண் குரல்: "பீரங்கி வெடிச்சாலும் அவளுக்குக் கேக்காதுப்பா!" கூட்டம் சிரித்தது.

அவரும் சிரித்தார். விழுந்து கும்பிட்டு எழுந்தார். "அம்மா, இது என்னோடது." மறுபடி மண்டியிட்டார். "டேய், டேய், ரெண்டு ஆகாதுடா!" என்று ஒரு பெண் குரல் பதறியது.

"இது அவளோடது. அவளுக்குக் கை ஒழியல." தரையில் நெற்றி வைத்தபடியே பேசினார், குரல் பாயில் பட்டு வந்தது. "அம்மா, ஞாபகம் வெச்சுக்கோ. கிதே அம்மா எனக்கு ஒரு கும்பிடு கடன்."

நான் நிறுத்தினேன். நெற்றி தரையில் இருக்க, மான்பொக்கின் முதுகு திரையில் நடுங்கிக்கொண்டு நின்றது.

"கிழவி பொய் சொல்லல," என்றாள் அக்கா. "என்னாலதான் விழுந்திருக்கான்."

"அக்கா..."

"சும்மா இரு. திருப்பிப் போடு."

திருப்பினேன். கிண்ணம் இடித்தது, குழந்தை தும்மியது, தூரத்தில் நாங்கள் தட்டிக்கொண்டிருந்தோம். மான்பொக் கூப்பிட்டார். முதல் தடவையிலேயே, சந்தைக்கு மேலே போகிறவர்கள் படிக்கட்டில் நிற்கும்படி, அக்கா கத்தினாள்: "ந்தா வந்துட்டேன்!"

அவர் விழுந்தபோது மேஜையைப் பிடித்துக்கொண்டு அவளும் குனிந்தாள். துரு தட்டிய முட்டி பாதிக்கு மேல் மடங்கவில்லை. அங்கேயே நின்றாள், இறங்கவும் இல்லாமல் எழவும் இல்லாமல். வெளியே மழை பிடித்தது. டெக்கின் மேல் தகட்டில் கையை ஊன்றி நிமிர்ந்தாள். தகடு சூடாக இருந்திருக்கும், கையை எடுக்கவில்லை.

"முடியலடி," என்றாள், திரையில் இருந்த முதுகைப் பார்த்து. "ஒரு கும்பிடு. அவனுக்குப் பாக்கி."