அரை ராத்தல் நோட்டு

தோழர்களே, தாய்மார்களே, ஒரு குற்றத்தைக் கண்ணால் காண வாருங்கள். தொலைவு போக வேண்டியதில்லை. திருத்தங்கலில், பேருந்து வந்து நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சிறிய அச்சகம் இருக்கிறது. அதன் பின்கட்டுதான் வீடு. அங்கே காகிதக் கட்டுகளை நிறுக்கும் இரும்புத் தராசு ஒன்று உத்தரத்தில் தொங்குகிறது. முதலில் அந்தத் தராசைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள். குற்றவாளியைத் தேடி அலைய வேண்டாம். விருதுநகர் மைதானத்தில் பெண் கல்விக்காகத் தொண்டை வறளப் பேசியவன், அந்தப் பேச்சைத் துண்டறிக்கையாக அச்சிட்டு ஊரெங்கும் வீசியவன், அந்த அச்சகத்தின் உரிமையாளன் நேசகுமார்தான் அவன். அவனே உங்கள் முன் நின்று பேசுகிறான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் ஆண்டு, செப்டம்பர் மாதம். என் தங்கை ஜெபராணி மதுரை மிஷன் ஆஸ்பத்திரியில் நான்கு ஆண்டுகள் தாதிப் பயிற்சியும் பேறுகால மருத்துவமும் கற்றுத் தேறியவள். மலேயாவில் ஈப்போவுக்கு அருகே ஒரு தோட்ட ஆஸ்பத்திரி அவளுக்குப் பேறுகாலத் தாதி வேலை கொடுத்து, இன்ன தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று ஓலை அனுப்பியது. நாகப்பட்டினத்துக் கப்பலில் அந்தத் தேதிக்குள் இடமில்லை. அம்மாவின் சங்கிலி விமானச் சீட்டாக மாறியது.

சீட்டோடு ஒரு விதியும் வந்தது. இருபது கிலோவுக்கு மேல் போனால் அதிகப்படி எடைக்குக் கட்டணம். கிலோ அப்போதுதான் நாட்டுக்குள் நுழைந்திருந்தது. எங்கள் தராசோ ராத்தல் கல்லோடு நின்றிருந்தது. நாற்பத்து நான்கு ராத்தல் என்று கணக்கிட்டுக்கொண்டேன். அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு ராத்தலும் ஒரு வாரத்துச் சோற்றை விழுங்கும். ஆகவே தகரப் பெட்டியை ஒதுக்கினோம். பெட்டி மட்டுமே பன்னிரண்டு ராத்தல் தின்றது. காடாத் துணியில் பை தைத்தோம். கனத்த பூட்ஸுகளைக் காலிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னோம். பாவாடையில் உள்பை வைத்து அதில் சவுக்கார சோப்புக் கட்டிகளை அடுக்கினோம். இரண்டு சேலைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிப் பார்த்தபோது, தாள் வெட்டுக் கழிவை எடுக்க வந்த பீர் முகைதீன் பாய் வாசலில் நின்று சிரித்தார். ஊரில் பழைய காகிதம் வாங்கி விஸ்வநத்தம் பட்டாசுத் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பவர் அவர்.

"ஏம்மா நர்ஸு, இந்தக் கோலத்துல போனா பிளேனுக்காரன் ரெண்டு டிக்கெட்டுல்ல கேப்பான்!"

"சிரிக்காதீக பாய். உக்காந்தா எந்திரிக்க முடியலை" என்றாள் ஜெபராணி. அவளும் சிரித்தாள். அந்த வீட்டில் நான் கேட்ட அவளுடைய கடைசிச் சிரிப்பு அது.

பையைத் தராசில் ஏற்றினேன். அதற்குள் அவளுடைய உடைகள், சாத்தூர் சேவு, மூன்று பாடப் புத்தகங்கள், ஒரு நோட்டு, இவற்றுக்கு நடுவே ஒரு வெண்கலப் பானை. அந்தப் பானை மூடியோடு ஒன்பது ராத்தல். ஈப்போவில் இருக்கும் இன்பம் அத்தைக்கு என் தாய் தேவமணி அனுப்பும் சீர் அது. முள் சாய்ந்தது. ஆறு ராத்தல் கூடுதல்.

"பானைய எடுத்துருங்கண்ணே" என்றாள் தங்கை.

"ஏலே நேசா, பானையத் தொட்ட, பாத்துக்க!" அம்மா குறுக்கே வந்தாள். "வெறுங்கையோட பிள்ளைய அனுப்பிட்டா தேவமணின்னு ஈப்போ பூராவும் பேசுவாக."

"அம்மா, நான் வேலைக்குப் போறேன். வாக்கப்பட்டுப் போகலை."

"அங்கன அத்தை மகன் இருக்கான்ல. எதுக்கும் இருக்கட்டும்."

மேடையில் நான் யாரை எதிர்த்துப் பேசுவேனோ, அந்த எண்ணம் என் தாயின் வாயிலிருந்து வந்தது. நான் எதிர்த்தேனா? இல்லை. சீர் வரிசையை ஒழிக்க வேண்டும் என்று அச்சடித்த அதே கையால் மூன்று பாடப் புத்தகங்களையும் பைக்குள்ளிருந்து உருவினேன். முள் நகர்ந்தது. அரை ராத்தல் இன்னும் கூடுதல்.

நோட்டை எடுத்தேன். கெட்டி அட்டை போட்ட நோட்டு. பக்கம் தோறும் கட்டம் கட்டி, ஊதா மையில் எழுதி, அடியில் சிவப்பு மையில் யாரோ கையெழுத்திட்டிருந்தார்கள்.

"அதை விட்டுருங்கண்ணே. நான் பாத்த முப்பது பிரசவமும் அதுலதான் இருக்கு. ஒண்ணொண்ணுக்கும் மேட்ரன் கையெழுத்துப் போட்டிருக்காக."

"எழுதி முடிஞ்ச நோட்டுதானம்மா?"

"எழுதி முடிஞ்சதுனாலதான் வேணுங்கேன். கூடுதலா இருந்தா பானை மூடிய எடுங்க."

"நல்லாருக்கே!" என்றாள் அம்மா. "மூடியில்லாத பானையச் சீருன்னு எவளாவது வாங்குவாளா?"

அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். கைதட்டலுக்குப் பழகிய நாக்கு சொன்ன வாக்கியம். "பிரசவம் உன் கையில இருக்கு தாயி. நோட்டுல எதுக்கு?" அம்மா பெருமையோடு தலையசைத்தாள். பாய்கூட "ஆகா" என்றார். உண்மையைச் சொல்லி அவளை வெல்லவில்லை நான். அழகாகச் சொல்லி வென்றேன். எங்கள் ஊரில் எழுதாத நோட்டு காசு. எழுதி முடிந்த நோட்டு, வெடிக்குக் குழாய் சுற்றும் தாள். அச்சுத் தொழிலில் பிறந்து வளர்ந்த என் கண்ணுக்கு அந்த நோட்டும் அப்படித்தான் தெரிந்தது. முள் நாற்பத்து நான்கில் நேராக நின்றது.

"ஒரே மாசத்துல கப்பல்ல அனுப்பி வைக்கேன்" என்றேன்.

"அந்த டிக்கெட்டையாவது குடுங்கண்ணே. பின்னாடி என்னமோ பொடி எழுத்துல போட்டிருக்கு. வாசிச்சுப் பாக்கேன்."

"நீ தொலைச்சிப்புடுவ. எங்கிட்டயே இருக்கட்டும்."

மீனம்பாக்கத்தில் பையை எடை போட்டார்கள். சரியாக இருந்தது. என் மீசை துடித்தது. ஒரு காசுகூட அதிகம் கட்டாமல் தங்கையைக் கடல் கடத்துகிறேன் என்ற இறுமாப்பு. மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் இரண்டு சேலைக்குள் வியர்த்து நின்றவளைப் பார்த்து இரக்கத்தோடு கேட்டார்.

"ஏம்மா, வழியில படிக்கப் புத்தகம் ஒண்ணும் கையில இல்லையா?"

"எடை கூடிரும்னு வீட்டுலயே வச்சிட்டோம் சார்."

"அடடா. கையில எடுத்துட்டுப் போற புத்தகத்துக்கு நாங்க எடை போடுறதே இல்லையே. நாலஞ்சு கொண்டுவந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க. டிக்கெட்டுக்குப் பின்னால அச்சடிச்சிருக்கே, பார்க்கலையா?"

ஜெபராணி திரும்பி என்னைப் பார்த்தாள். சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. நாளெல்லாம் பிறருக்காக எழுத்தை அச்சில் கோக்கிறவன், தன் பையில் இருந்த பத்து வரியை வாசிக்கவில்லை. வாசிக்கக் கேட்டவளிடம் கொடுக்கவும் இல்லை.

"கப்பல்ல அனுப்ப மறந்துராதீகண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் நடந்தாள். சவுக்காரக் கட்டிகள் முழங்காலில் இடிக்க இடிக்க நடந்தாள்.

நான் மறந்தேன். ஊர் ஊராகக் கூட்டங்கள் இருந்தன. மல்லாங்கிணற்றில் ஒரு நாள், சாத்தூரில் ஒரு நாள். அந்தப் புத்தகங்களும் நோட்டும் வீட்டு மூலையில், ஊரெங்கும் வீசியது போக மிஞ்சிய என் துண்டறிக்கைக் கட்டுகளின் மேல் கிடந்தன. அக்டோபரில் தீபாவளி சீசன் உச்சத்துக்கு வந்தது. விஸ்வநத்தத்தில் குழாய் சுற்றத் தாள் கிடைக்கவில்லை. பாய் வாசலுக்கு வந்து நின்றார்.

"தம்பி, ஏதாச்சும் இருந்தாப் போடுங்க. கம்பெனிக்காரன் உசிர எடுக்கான்."

நான் மல்லாங்கிணற்றுப் பேருந்தைப் பிடிக்கத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தேன். பெண்கள் படிக்க வேண்டும் என்று பேசுவதற்காகத்தான் போனேன். "மூலையில கிடக்கிறதைப் பூராவும் போட்டுருங்கம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் இறங்கினேன். வாசலில் பாய் வேடிக்கையாகச் சொன்னது காதில் விழுந்தது: "தம்பியோட பேச்செல்லாம் நம்மகிட்ட வந்த பிறகுதான்மா நெசமாச் சத்தம் போடுது!"

பத்து நாள் கழித்து ஜெபராணியின் கடிதம் வந்தது. மலேயாவில் பேறுகாலத் தாதியாகப் பெயரைப் பதிய, சான்றிதழ் மட்டும் போதாதாம். தான் பார்த்த பிரசவங்களை ஒவ்வொன்றாக எழுதி, மேட்ரன் கையெழுத்திட்ட நோட்டு வேண்டுமாம். ஆறு வாரம் தவணை கொடுத்திருக்கிறார்கள். 'அந்த நோட்டை இன்றே பதிவுத் தபாலில் அனுப்புங்கள் அண்ணா' என்று எழுதியிருந்தாள். 'இன்றே' என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு.

மூலையைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தது.

பாயின் சைக்கிள் பின்னால் தொற்றிக்கொண்டு விஸ்வநத்தம் போனேன். வழி நெடுக அவர் ஒரு வேடிக்கையும் பேசவில்லை. குழாய் சுற்றும் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பசை தடவிய தாளைக் கம்பியில் உருட்டிக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சி என்ற பெண், நான் சொன்ன அடையாளத்தைக் கேட்டதும் தலை நிமிர்ந்தாள்.

"ஊதா மையி, அடியில செவப்புல கிறுக்கி, கட்டம் கட்டமா இருந்துச்சே, அதா? ஆமாண்ணே, எங்கையிலதான் வந்துச்சு. நல்ல கெட்டித் தாளு. சுத்தச் சொகமா இருந்துச்சு."

"எங்கம்மா அது?"

"மருந்து அடைச்சு, திரி போட்டு, முந்தாநேத்து லோடுல வடக்க போயிருச்சே. என்ன எழுதியிருந்துச்சுண்ணே அதுல? எனக்கு வாசிக்கத் தெரியாது."

சொன்னேன். அவள் கையிலிருந்த கம்பி நின்றது. "முப்பது பிள்ளையளா?" என்றாள். பிறகு, "நீங்க வாசிச்சவுகதான? போடுமுன்ன பாத்திருக்கலாம்ல?" என்றாள். எந்த எதிரியும் எந்த மேடையிலும் என்னை அப்படி அடித்ததில்லை.

மதுரைக்கு ஓடினேன். கையெழுத்திட்ட வெள்ளைக்கார மேட்ரன் தாயகம் திரும்பி அங்கேயே காலமாகியிருந்தார். சான்றிதழுக்கு நகல் தர முடிந்தவர்களால், ஒரு பிரசவத்தை நேரில் பார்த்து ஒருவர் இட்ட கையெழுத்துக்கு நகல் தர முடியவில்லை. தவணை கடந்தது. ஜெபராணிக்கு வேறு இடம் கொடுத்தார்கள்: பிரசவ அறையைக் கழுவி, துணி வெளுக்கும் உதவியாள். அவள் தேர்ந்த வேலையை, அவள் கண் முன்னால் மற்றவர்கள் செய்தார்கள். கதவுக்கு வெளியே வாளியோடு நிற்பாளாம். ஓராண்டு அப்படி நின்றாள். பிறகு இன்பம் அத்தையின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டாள். என் தாய் நினைத்த இடத்துக்கே நான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்.

திருமணத்துக்குப் பின் ஒரே ஒரு கடிதம் வந்தது. 'பானை பரண் மேல் இருக்கிறது. இங்கே எல்லாரும் அலுமினியப் பாத்திரத்தில்தான் சமைக்கிறார்கள். மூடியை மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை அண்ணா. எத்தனையோ மேடையில் பேசுகிறீர்களே, இதையும் ஒருநாள் பேசுங்கள்.'

அதற்காகத்தான் வந்தேன். என் தங்கையின் முப்பது குழந்தைகளும் ஏதோ ஓர் ஊரின் தெருவில் ஒரு நொடி வெடித்துக் குப்பையாகக் கூட்டப்பட்டுவிட்டன. அதை மீட்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. எனக்காக வருந்த வேண்டாம், கைதட்டவும் வேண்டாம். எழுந்து வீட்டுக்குப் போங்கள். வெளியூர் புறப்படும் மகளுக்கோ தங்கைக்கோ நீங்கள் கட்டி வைத்திருக்கும் மூட்டையை இன்றே அவிழுங்கள். அதிலிருக்கும் சீர்ப் பானையை மூடியோடு வெளியே எடுத்து வையுங்கள். அவளுடைய எழுத்தை அவள் கையில் கொடுங்கள். பயணச் சீட்டையும் அவளிடமே கொடுத்துவிட்டு, அவள் அதை முன்னும் பின்னும் வாசித்து முடிக்கும் வரை வாய் திறக்காமல் நில்லுங்கள்.