மெர்வின் உட்கார்ந்தே இருந்தார்

ஜூலை பிறந்தால் போதும், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில், பிரிட்டன் பக்கம் நிற்கிற ‘ஷாங்கில்’ சாலைக்காரர்கள் வேலைவெட்டியை விட்டுவிட்டு மரப்பலகைகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பதினோராம் தேதி சொக்கப்பனை கொளுத்த வேண்டுமே! அதன் உச்சியில் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு நிற அயர்லாந்துக் கொடியைக் கட்டுவார்கள், எரிப்பதற்கென்றே. அவ்வளவு உயரம் ஏறிக் கட்டுகிற நெஞ்சுரம் அந்தத் தெருவில் மெர்வினுக்குத்தான் இருந்தது. பிரிட்டன் கொடிதான் அவருக்குக் கொடி. மற்றது கந்தல்.

அப்பேர்ப்பட்டவருக்கு மகளாக வந்து வாய்த்தாள் ஹேசல், குத்துச்சண்டைக்காரி. கால்பந்து என்றால் அயர்லாந்துத் தீவின் வடக்குக்கு ஓர் அணி, தெற்குக்கு ஓர் அணி. குத்துச்சண்டையில் அந்தச் சௌகரியம் இல்லை. தீவு முழுவதற்கும் சேர்த்து ஒரே அணி, அந்தக் கந்தல்தான் கொடி.

"அதுல இருக்கிற ஆரஞ்சு நம்ம புராட்டஸ்டண்ட் சனத்துக்காகப் போட்ட நிறம்பா. வருஷா வருஷம் நம்மளையே நாம கொளுத்திக்கிறோம்" என்று சீண்டுவாள்.

"வாயைப் பாரு, வாயை!" என்பார் மெர்வின். ஆனால் மகள் என்றால் அவருக்கு உயிர். பனியிலும் மழையிலும் பயிற்சிக்கு அழைத்துப் போனவர் அவர்தான்.

அந்த வசந்தத்தில் போலந்தில் ஐரோப்பியப் போட்டி நடந்தது. ஹேசல் இறுதிச்சுற்றுக்கு வந்துவிட்டாள். வலது மணிக்கட்டு போய்விட்டது, இந்தப் போட்டியோடு சரி, இதற்கு மேல் கையுறை மாட்டவே கூடாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அது அப்பா அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

மேடையேறும் முன் அப்பாவிடம் வந்தாள். "ஜெயிச்சா அயர்லாந்துக்காரங்க தேசியப் பாட்டுதான் போடுவாங்க. நீங்க பாட வேணாம், கொடியப் பாக்கவும் வேணாம். எழுந்து நின்னு என்னைப் பாருங்கப்பா, அது போதும்."

"மொதல்ல ஜெயிடி. அப்புறம் பாப்போம்."

ஜெயித்தாள். மெர்வின் தொண்டை கிழியக் கத்தினார், பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத போலந்துக்காரரைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டார். பிறகு பதக்கம் கொடுக்க மேடை போட்டார்கள். பாட்டு தொடங்கியது. கொடி மெல்ல ஏறியது. அரங்கமே எழுந்து நின்றது.

மெர்வின் எழவில்லை. நம் தெருக்காரர்கள் எல்லோரும் கிளப்பில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்களே, இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? இந்த ஒரு எண்ணம்தான் அவரை நாற்காலியோடு ஆணியடித்துவிட்டது. மனைவி மேவிஸ் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திருங்க, பாவி மனுஷா! பிள்ளை இங்கதான் பாக்குறா."

பார்த்தாள். பாட்டு முடியும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பதக்கத்தோடு வந்தவள், "முழங்கால் வலியாப்பா?" என்று கேட்டாள். அந்த மனிதருக்கு அப்போதாவது உண்மையைச் சொல்ல வாய் வந்ததா? இல்லையே!

"ஆமாம்மா. ரொம்ப நேரம் உக்காந்து பிடிச்சிக்கிச்சு" என்றார்.

"சரிப்பா" என்றாள். வருஷா வருஷம் அந்த உயரத்துக்கு ஏறுகிற முழங்காலை அவளுக்குத் தெரியாதா என்ன?

ஊர் திரும்பிய மறுநாள் மெர்வின் கிளப்புக்குப் போனார். எவனாவது தோளில் தட்டி, சரியாகச் செய்தாய் என்பான், அதைக் கேட்டாலாவது மனசு ஆறும் என்று நினைத்துத்தான் போனார். அவரோடு கொடி கட்ட ஏணி பிடிக்கிற நெவில் அங்கே இருந்தான். பியரை வாங்கி அவர் முன் வைத்தான், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"என்னடா?"

"நாங்க எல்லாரும் எழுந்து நின்னோம், மெர்வின்."

"எங்க?"

"இங்கதான். இந்த டிவி முன்னாடி. எவனுக்கும் பாட்டும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. கொடி எக்கேடு கெட்டுப்போனா என்ன, நம்ம தெருப் பொண்ணு ஜெயிச்சு நிக்கிறா, எப்படி உக்காந்திருக்க முடியும்? அப்பதான் கேமராவுல உன்னைக் காட்டுனான். எங்களுக்கே வெக்கமா போச்சு."

மெர்வின் பியரை அவன் பக்கமே தள்ளி வைத்தார்.

நெவிலுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. தோளில் தட்டினான். "சரி விடு. அடுத்த தடவை அவ ஜெயிக்கிறப்ப எழுந்து நின்னுடு."

"நிக்கிறேன்டா" என்றார் மெர்வின்.